பழைய கேம் கன்சோலை இன்றைய மானிட்டரில் இணைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கன்சோலிலிருந்து வருவது மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனை கொண்ட கேபிள். மானிட்டரின் பின்னால் இருப்பதோ எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும் மட்டும். நடுவில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் டப்பாவைச் செருகினால் போதும் என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். செருகினால் படமும் வரும். ஆனால் எழுத்துகள் கலங்கியிருக்கும், மரியோ பக்கவாட்டில் ஊதிப்போயிருப்பார், குதிக்கும் பொத்தானை அழுத்தினால் சற்று யோசித்துவிட்டுத்தான் குதிப்பார். கன்சோலுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான் வரும் என்று பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

குற்றம் கன்சோலுடையது இல்லை. பிளக் பொருந்திவிட்டது, சிக்னல் பொருந்தவில்லை. அதைப் பொருத்துவதுதான் இங்கே வேலை. காசை எங்கே போடலாம், எங்கே போடத் தேவையில்லை என்பதும் அது புரிந்தால் தெரிந்துவிடும்.

முதலில், சிக்கல் எங்கே இருக்கிறது

பழைய டியூப் டிவி ஒரு முழுப் படத்தை இரண்டு பாதியாக வரையும். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்து இரட்டைப்படைக் கோடுகள். இதுதான் 480ஐ (480i). 1980களிலும் 90களிலும் வந்த பெரும்பாலான கன்சோல்கள் இதில் ஒரு தந்திரம் செய்தன. இரண்டு பாதியையும் ஒரே கோடுகளின் மேல் வரையச் செய்து, நொடிக்கு 60 முழுப் படங்களைக் காட்டின. இதைத்தான் 240பி (240p) என்கிறோம். ஃபேமிகாம், சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், பிளேஸ்டேஷன் 1, சாட்டர்ன், நின்டெண்டோ 64 எல்லாமே பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

240பி என்பது எந்த ஒளிபரப்புத் தரத்திலும் இல்லாத ஒன்று. டியூப் டிவிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இன்றைய கருவிகளுக்குத்தான் குழப்பம். நொடிக்கு எத்தனை கோடு வரைகிறது என்று பார்த்தால் இது சுமார் 15.7 கிலோஹெர்ட்ஸ். கணினி மானிட்டர்களோ, 1987இல் விஜிஏ என்ற கணினித் திரைத் தரம் வந்த நாளிலிருந்து, சுமார் 31 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்குகின்றன. அதனால் வெறும் கம்பியை மாற்றிக் கட்டிய ஸ்கார்ட்-விஜிஏ கேபிளை (ஸ்கார்ட் என்பது ஐரோப்பிய டிவிகளின் 21 பின் பிளக்) வாங்கிச் செருகினால், சிக்னல் வரம்புக்கு வெளியே இருக்கிறது என்று மானிட்டர் கைவிரித்துவிடும்.

விலை குறைந்த கன்வெர்ட்டர் டப்பாக்கள் வேறு மாதிரி சொதப்பும். 240பியை 480ஐ என்று நினைத்துக்கொண்டு, அடுத்தடுத்து வரும் இரண்டு முழுப் படங்களை ஒன்றாகப் பின்னிவிடும். அடிபட்ட பாத்திரம் விட்டுவிட்டு மின்னுமே, அதைக் கவனித்துப் பாருங்கள். ஒரு ஃப்ரேமில் இருப்பான், அடுத்த ஃப்ரேமில் இருக்கமாட்டான். அந்த இரண்டையும் பின்னினால், சீப்பின் பற்களைப் போலக் கோடுகோடாக ஒரு உருவம் திரையில் நகரும். சில கேம்களில் பாத்திரத்தின் நிழலுக்கும் இதே கதி. இந்தப் பின்னலைச் செய்ய டப்பா படத்தைப் பிடித்துவைக்க வேண்டும். ஒரு ஃப்ரேம் என்பது 16.7 மில்லிநொடி. பிடித்துவைக்கும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உங்கள் விரலுக்கும் திரைக்கும் நடுவே அவ்வளவு தாமதம் கூடும்.

படி 1: கன்சோல் தரக்கூடிய நல்ல சிக்னல் எது என்று பாருங்கள்

கருவி வாங்கும் முன் செய்ய வேண்டியது இதுதான். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். விலை உயர்ந்த ஸ்கேலரை (பழைய சிக்னலை மானிட்டருக்கு ஏற்ப மாற்றித்தரும் கருவி) வாங்கி, அதில் பெட்டியோடு வந்த மஞ்சள் கேபிளையே செருகுகிறார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

தரத்தின்படி கீழிருந்து மேலே போகலாம். அடிமட்டம் ஆர்எஃப், அதாவது டிவியின் ஆன்டெனா துளைக்குப் போகும் கேபிள். அதற்கு மேல் காம்போசிட், அந்த மஞ்சள் முனை. இதில் நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால், எழுத்தின் ஓரங்களில் வானவில் சாயலும் ஊர்ந்துபோகும் புள்ளிகளும் தெரியும். எஸ்-வீடியோ இந்த இரண்டையும் தனித்தனிக் கம்பியில் அனுப்புகிறது. இந்த ஒரு மாற்றத்திலேயே வித்தியாசம் கண்ணில் அடிக்கும். அதற்கும் மேலே ஆர்ஜிபியும் (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில்) காம்போனன்ட்டும் (வெளிச்சம் ஒரு கம்பியிலும் நிறம் இரண்டு கம்பிகளிலும்). இவை இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்பதால், எது சுலபமாகக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

இனி ஒவ்வொரு கன்சோலாக.

அடாரி 2600 போன்ற ஆரம்பகால இயந்திரங்கள் ஆர்எஃப் மட்டுமே தரும். உள்ளே திறந்து மாற்றியமைக்க மனமில்லை என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. பழைய விசிஆர் ஒன்றின் ஆன்டெனா துளையில் கன்சோலைச் செருகிச் சேனலைப் பிடித்தால், அதன் மஞ்சள் துளையில் காம்போசிட் வந்துவிடும். கன்சோலும் விசிஆரும் ஒரே டிவி முறையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நின்டெண்டோவின் என்இஎஸ் காம்போசிட் வரை வரும். உள்ளே கை வைக்காமல் அதற்கு மேல் கிடைக்காது.

சூப்பர் நின்டெண்டோ தாராளமானது. ஒரே பிளக்கில் காம்போசிட், எஸ்-வீடியோ, ஆர்ஜிபி மூன்றும் உண்டு. பின்னால் வந்த சிறிய உருவ மாடலில் மட்டும் காம்போசிட் தவிர மற்றவற்றை நீக்கிவிட்டார்கள். நின்டெண்டோ 64இலும் அதே பிளக்தான், ஆனால் ஆர்ஜிபி வராது. என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பானின் 60 ஹெர்ட்ஸ் டிவி முறை) மாடல் என்றால் எஸ்-வீடியோவோடு திருப்திப்பட்டுக்கொள்ளலாம்.

மெகா டிரைவில் எஸ்-வீடியோ கிடையாது, ஆர்ஜிபி உண்டு. முதல் மாடலில் பின்பக்கத் துளையிலிருந்து மோனோ ஒலிதான் வரும். ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன்பக்க ஹெட்போன் துளையிலிருந்து எடுக்கும்படி செய்த கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். இந்த இயந்திரத்தில் நல்ல சிக்னலுக்கு ஒரு சின்ன விலையும் உண்டு. 1991இல் வந்த சோனிக் கேமின் முதல் கட்டத்தில் விழும் அருவி, உண்மையில் நெட்டுக்கோடுகளால் வரையப்பட்டது. காம்போசிட்டில் அந்தக் கோடுகள் கலங்கி ஒன்றாகி, ஊடுருவித் தெரியும் தண்ணீராக மாறும். ஆர்ஜிபியில் பார்த்தால் சீப்பு சீப்பாகக் கோடுகள்தான். எனக்கு அது பரவாயில்லை. பிடிக்காதவர்கள் இந்த ஒரு கன்சோலுக்கு மட்டும் காம்போசிட்டையே வைத்துக்கொண்டாலும் நியாயம்தான்.

பிளேஸ்டேஷன் 1, சாட்டர்ன் இரண்டிலும் எஸ்-வீடியோவும் ஆர்ஜிபியும் உண்டு. பிளேஸ்டேஷன் 2, முதல் எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோவின் வீ (Wii) மூன்றுக்கும் காம்போனன்ட் கேபிள் போதும். பிளேஸ்டேஷன்கள் 1, 2, 3 எல்லாவற்றிலும் பிளக் ஒன்றுதான் என்பதால் ஒரு எச்சரிக்கை: பிளேஸ்டேஷன் 3க்கான காம்போனன்ட் கேபிள் 2இல் வேலை செய்யும், 1இல் செய்யாது. முதல் பிளேஸ்டேஷன் காம்போனன்ட் சிக்னலை வெளியே விடுவதே இல்லை.

கேம்கியூபின் முதல் மாடலில் டிஜிட்டல் வெளியீட்டுக்கென்றே தனித் துளை இருந்தது. அதில் நேராகச் செருகும் எச்டிஎம்ஐ அடாப்டர்கள் இப்போது கிடைக்கின்றன. 2004இல் வந்த திருத்திய மாடலில் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள். வாங்கும் முன் கன்சோலின் பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ட்ரீம்காஸ்ட். மானிட்டர்காரர்களின் செல்லப்பிள்ளை இதுதான். விஜிஏ கேபிளைச் செருகினால் 31 கிலோஹெர்ட்ஸில் 640x480 படம் நேராக வரும், ஸ்கேலரே தேவையில்லை. மானிட்டரில் விஜிஏ துளை இல்லையென்றால் ஒரு விஜிஏ-எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் போதும். பெரும்பாலான கேம்கள் இதில் ஓடும், சில மட்டும் விஜிஏவை ஏற்காமல் அடம்பிடிக்கும்.

படி 2: கேபிள்

நல்ல கேபிள் என்றால் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனிக் கவசம் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரை வெளுக்கும்போதெல்லாம் ஒலியில் ஒரு ‘ஜ்ஜ்ஜ்’ கேட்கும்.

ஆர்ஜிபி கேபிள் வாங்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, கன்சோலின் மாடலையும் அது என்டிஎஸ்சியா, ஐரோப்பாவின் 50 ஹெர்ட்ஸ் டிவி முறையான பாலா (PAL) என்பதையும் சொல்லி வாங்குங்கள். சூப்பர் நின்டெண்டோவின் என்டிஎஸ்சி, பால் மாடல்களுக்கு பிளக் ஒன்றே என்றாலும் கேபிளுக்குள் இருக்கும் பாகங்கள் வேறு. இரண்டாவது, ஜப்பானிய 21 பின் கேபிளும் ஐரோப்பிய ஸ்கார்ட் கேபிளும் பார்க்க அச்சு அசல் ஒன்றாக இருக்கும், உள்ளே பின்களின் வரிசை வேறு. ஒன்றை மற்றதில் செருகினால் கருவி கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. விற்பவர் தெளிவாகச் சொல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

இதோடு மின்சார அடாப்டரையும் பார்த்துவிடுங்கள். வேறு நாட்டிலிருந்து வந்த கன்சோல் என்றால் வோல்டேஜ், ஏசியா டிசியா, நடு முனை பாசிட்டிவா நெகட்டிவா என்ற மூன்றையும் அடாப்டரின் மேல் படித்துச் சரிபார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். முதல் மெகா டிரைவில் நடு முனை நெகட்டிவ். இன்று கிடைக்கும் பொதுவான அடாப்டர்கள் பெரும்பாலும் அதற்கு நேர் எதிர்.

படி 3: நடுவில் வைக்கும் கருவி

சரி, இப்போது ஸ்கேலர். கையில் என்ன சிக்னல் இருக்கிறதோ அதற்கேற்றதைத்தான் எடுக்க வேண்டும்.

காம்போசிட்டும் எஸ்-வீடியோவும் மட்டும்தான் என்றால் ரெட்ரோடிங்க் 2எக்ஸ் வகைக் கருவிகள் பொருத்தம். 240பியை 240பியாகவே புரிந்துகொண்டு, ஒவ்வொரு கோட்டையும் இரண்டாக்கி 480பியாக, அதாவது 480 கோடுகளையும் ஒரே முறையில் வரையும் சிக்னலாக, அனுப்பும். படத்தைப் பிடித்துவைப்பதில்லை, அதனால் தாமதம் உணரவே முடியாது. செட்டிங் என்று பெரிதாக எதுவும் இல்லை. முதல்முறை இதில் இறங்குபவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஆர்ஜிபி, காம்போனன்ட் பக்கம் போகிறவர்களுக்கு ஓஎஸ்எஸ்சி என்ற கோடு பெருக்கி. ஸ்கார்ட், காம்போனன்ட், விஜிஏ என மூன்று உள்ளீடுகள். மூல மாடலில் காம்போசிட்டும் எஸ்-வீடியோவும் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். கோடுகளை 2 மடங்கு முதல் 5 மடங்கு வரை பெருக்கும். 2 மடங்கில் 480பி, 3இல் 720பி, 4இல் 960பி. சிக்கல் என்னவென்றால், கன்சோலின் வேகத்தை அப்படியே மானிட்டரிடம் ஒப்படைத்துவிடும். சூப்பர் நின்டெண்டோ ஓடுவது சரியாக 60 ஹெர்ட்ஸில் அல்ல, சுமார் 60.1இல். போதாக்குறைக்கு, ஒன்றுவிட்டு ஒரு ஃப்ரேமில் ஒரு கோட்டை இம்மியளவு குறைவாக வேறு வரைகிறது. சில மானிட்டர்கள் இதைக் கண்டுகொள்ளாது, சில திரையையே கறுப்பாக்கிவிடும். மடங்கு கூடக்கூட இந்தச் சண்டையும் கூடும். 2 மடங்கில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பதே வழி.

கையில் சாலிடரிங் அயர்ன் பிடித்துப் பழகியவர் என்றால் ஜிபிஎஸ் (GBS) கண்ட்ரோல் அருமையான வழி. ஜிபிஎஸ் 8200 என்ற மலிவான போர்டு கடையில் வருகிறபடியே இருந்தால் வேலைக்கு ஆகாது, அதுவும் 240பியை 480ஐ என்றுதான் நினைக்கும். அதோடு இஎஸ்பி 8266 என்ற சின்ன வைஃபை போர்டை இணைத்து ஜிபிஎஸ் கண்ட்ரோல் மென்பொருளை ஏற்றினால் ஆளே மாறிவிடும். செட்டிங்கை எல்லாம் வைஃபை வழியாக செல்போனிலேயே மாற்றலாம்.

காம்போசிட் முதல் காம்போனன்ட் வரை உள்ளீடுகள் ஒரே பெட்டியில் வேண்டும், காசு பிரச்சினை இல்லை என்றால் ரெட்ரோடிங்க் 5எக்ஸ் புரோ, அல்லது 2023இல் வந்த ரெட்ரோடிங்க் 4கே. இவை இரண்டும் மானிட்டர் விரும்பும் தரமான சிக்னலைத் தருவதால் திரை கறுப்பாகும் தொல்லை வெகுவாகக் குறையும். ஒரே ஒரு கன்சோலுக்கு 4கே கருவி வாங்குவது, என்னைக் கேட்டால், அதிகப்படி.

பிளேஸ்டேஷன் 2க்கும் வீக்கும் விற்கும் விரல் நீள எச்டிஎம்ஐ அடாப்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை சிக்னலை டிஜிட்டலாக்குகின்றன, அளவை மாற்றுவதில்லை. வீயில் 480பி என்று அமைத்துவிட்டால் நன்றாகவே ஓடும். பிளேஸ்டேஷன் 2இலோ பெரும்பாலான கேம்கள் 480ஐ. அது அப்படியே எச்டிஎம்ஐ வழியாகப் போய் நிற்கும். டிவிகள் ஏற்றுக்கொள்ளும், பல கணினி மானிட்டர்கள் ஏற்காது. “என் நண்பன் வீட்டில் ஓடியதே” என்று குழம்புகிறவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

படி 4: மானிட்டரின் கணக்கு

240ஐ எத்தனையால் பெருக்கினால் உங்கள் திரையின் உயரம் வரும் என்று பாருங்கள். 1440 உயரத்துக்கு 6 மடங்கு, 4கேயின் 2160க்கு 9 மடங்கு. இரண்டும் மீதி இல்லாமல் பொருந்தும். 1080 மட்டும் இடக்கானது, நாலரை மடங்கு. அரை மடங்குக்குப் போனால் சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும், திரை நகரும்போது அலை அடிப்பது போலத் தெரியும். அதைத் தவிர்க்க, 4 மடங்கு வைத்து மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடலாம். இல்லையென்றால் 5 மடங்கு வைத்து ஓரத்தை வெட்டலாம். 5 மடங்கில் 216 கோடுகள் தெரியும். பல கேம்கள் வரைவதே 224 கோடுகள்தான் என்பதால், மேலே நான்கும் கீழே நான்கும் மட்டுமே போகும். ஆட்டத்துக்கு நடுவே யாருக்கும் அது தெரியாது.

அலுவலகங்களில் கழித்துப்போட்ட பழைய 4:3 எல்சிடி மானிட்டர்களை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். 1600x1200 திரை 240க்குச் சரியாக 5 மடங்கு, பக்க அளவும் கன்சோலுக்கென்றே செய்தது போல இருக்கும். 1280x1024 திரைகள் 5:4 என்பதால் படத்தை லேசாக உயரவாக்கில் இழுக்கும்.

படி 5: இணைப்பதும் அமைப்பதும்

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கன்சோலிலிருந்து ஸ்கேலருக்கு, ஸ்கேலரிலிருந்து மானிட்டருக்கு என்ற வரிசையில் இணையுங்கள். முதலில் மானிட்டரையும் ஸ்கேலரையும் போட்டு, ஸ்கேலரில் சரியான உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு கன்சோலைப் போடுங்கள்.

மானிட்டரின் மெனுவில் மூன்று இடங்களுக்குப் போக வேண்டும். பக்க அளவை 4:3 ஆக்குங்கள். அந்த வசதி இல்லாத மானிட்டர்கள் நிறைய உண்டு, அப்போது ஸ்கேலரில் 4:3ஐ அமைத்துக்கொள்ளலாம். ஷார்ப்னெஸைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவாருங்கள். கூட்டி வைத்தால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெள்ளைக் கோடு விழும். கேம் மோட் இருந்தால் போடுங்கள்.

பிறகு கன்சோலுக்குள். வீயில் திரை அமைப்புக்குப் போய் 480பியைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்பாக்ஸில் காம்போனன்ட் கேபிளைச் செருகியிருந்தால்தான் 480பி, 720பி தேர்வுகளே கண்ணில் படும், அதுவும் என்டிஎஸ்சி மாடலில். என்டிஎஸ்சி கேம்கியூபில் டிஜிட்டல் துளையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், கேம் தொடங்கும்போது பி பொத்தானைப் பிடித்திருங்கள், ஆதரிக்கும் கேம்கள் 480பி வேண்டுமா என்று கேட்கும். பிளேஸ்டேஷன் 2இல் சில கேம்களுக்கு முக்கோணத்தையும் எக்ஸையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

ஒலியை மறந்துவிடாதீர்கள். பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே இருக்காது, விஜிஏ கேபிளிலும் ஒலி போகாது. மானிட்டரில் ஹெட்போன் துளை இருந்தால் அதிலிருந்து எடுக்கலாம், இல்லையென்றால் சிவப்பு, வெள்ளை முனைகளை நேராக ஸ்பீக்கருக்குக் கொண்டுபோங்கள். அதில் தாமதமும் இல்லை.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஆர்டெமியோ உர்பினா உருவாக்கிய 240பி டெஸ்ட் சூட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். கட்டங்கள், நிறப்பட்டைகள், நிழல் சோதனை எல்லாம் அதில் உண்டு. கண்ணால் ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 6: தகராறு செய்தால்

படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், காம்போசிட்டை காம்போனன்ட்டின் பச்சைத் துளையில் செருகியிருக்கலாம், அல்லது என்டிஎஸ்சி-பால் குழப்பமாக இருக்கலாம்.

பிளேஸ்டேஷன் 2இல் நிறம் விகாரமாக, பச்சையோ இளஞ்சிவப்போ படர்ந்து வந்தால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள். அதன் சிஸ்டம் மெனுவில் காம்போனன்ட் வெளியீடு என்று ஒரு அமைப்பு உண்டு. அதில் ஆர்ஜிபி தேர்வாகியிருக்கும். முதலில் மஞ்சள் கேபிளைச் செருகி மெனுவைச் சரியாகப் பார்த்து மாற்றிவிட்டு, அப்புறம் காம்போனன்ட்டுக்குத் திரும்புங்கள்.

கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்தால், அல்லது இருட்டான இடங்களில் எதுவுமே தெரியாவிட்டால், ஆர்ஜிபி வரம்பில் ஸ்கேலரும் மானிட்டரும் ஒத்துப்போகவில்லை. ஒன்று முழு வரம்பிலும் மற்றது குறுகிய வரம்பிலும் இருக்கும். இரண்டையும் ஒன்றாக்கினால் சரியாகிவிடும்.

ஆட்டத்துக்கு நடுவே திரை சில நொடி கறுப்பாகித் திரும்பி வருகிறதா? அந்த கேம் 240பிக்கும் 480ஐக்கும் இடையே தாவுகிறது. பிளேஸ்டேஷன் 1இன் க்ரோனோ க்ராஸ் இதற்குப் பேர்போனது. ஒவ்வொரு முறை மெனுவைத் திறக்கும்போதும் தாவும். ஓஎஸ்எஸ்சி போன்ற கோடு பெருக்கிகளில் இதற்குத் தீர்வு கிடையாது. அவற்றில் 480ஐ படம் அடங்காமல் துடிக்கவும் செய்யும், நீண்ட நேரம் ஓடினால் சில எல்சிடி திரைகளில் படத்தின் தடம் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். 480ஐ கேம்களே அதிகம் ஆடுபவர் 5எக்ஸ் புரோ அல்லது ஜிபிஎஸ் கண்ட்ரோல் பக்கம் போவது நல்லது.

பால் கன்சோல் 50 ஹெர்ட்ஸில் ஓடும். மானிட்டர் 50ஐ ஏற்குமா என்று அதன் விவரக்குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால் 60க்கு மாற்றித்தரும் ஸ்கேலர் வேண்டும், அதில் திரை நகரும்போது சின்னச் சின்ன உதறல் தெரியும்.

கேப்சர் கார்டு வழியாகக் கணினிக்குள் கொண்டுவந்து ஜன்னலில் பார்த்து ஆடலாமா என்று கேட்பவர்களுக்கு: பதிவு செய்ய அது சரி, ஆடுவதற்குத் தாமதம் கூடுதல். ஸ்கேலருக்குப் பின் ஒரு எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வைத்து, ஒரு கிளையை மானிட்டருக்கும் இன்னொன்றைக் கார்டுக்கும் கொடுங்கள்.

என்இஎஸ்ஸின் ஜாப்பர் போன்ற லைட் கன்களை (திரையைக் குறிவைத்துச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகள்) மட்டும் இதில் சேர்க்க முடியாது. டியூப் டிவியில் ஒளி வரையப்படும் கணத்தை நம்பித்தான் அவை குறியைக் கண்டுபிடிக்கின்றன. எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கேலரை வைத்தாலும் எல்சிடியில் அந்தக் கணம் கிடைக்காது. டக் ஹன்ட் கேமில் வாத்து சுட ஆசை என்றால் ஒரு சிஆர்டி டிவியை, அதாவது பழைய டியூப் டிவியை, தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.